தோற்க வேண்டிய ஆட்டம்

அல் ஐன் ஓரிக்ஸ் அணி ஜெயிக்க ஜெயிக்க முனியசாமிக்குக் கவலை ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் கொண்டாடுகிற இடத்தில் ஒருத்தன் மட்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காதே என்று அவனும் பல்லைக் காட்டிக் கைதட்டத்தான் செய்தான். உள்ளுக்குள் அவன் வேண்டாத தெய்வம் கிடையாது. எப்படியாவது இவர்கள் தோற்றுத் தொலைய வேண்டும், அதுதான் வேண்டுதல்.

பேஸ்பால் தெரியாதவர்கள் மிரள வேண்டாம். முனியசாமியும் தெரியாமல்தான் அதற்குள் போய் விழுந்தான். வளைகுடாவில் புதிதாக ஆரம்பித்திருக்கும் தொழில்முறை லீக் அது. எட்டு அணிகள், நாலு நாலாகப் பிரித்து இரண்டு டிவிஷன். குளிர்காலம் முழுக்க ஆடி முடித்ததும், டிவிஷனில் முதலாவதாக நிற்கிற அணி மட்டும் இறுதிச் சுற்றுக்குப் போகும், மற்றவர்கள் மூட்டையைக் கட்டலாம். போன வருஷம் ஓரிக்ஸ்தான் கடைசி. இந்த வருஷமும் சீக்கிரம் மூட்டை கட்டிவிடுவார்கள் என்று நம்பித்தான் அவன் மனைவி நாகவள்ளி மதுரை டாக்டரம்மாவிடம் தேதி வாங்கினாள். அவர்களோ ரோஷம் வந்த மாதிரி ஜெயித்துக்கொண்டே போனார்கள். போயும் போயும் இந்த வருஷமா அவர்களுக்கு நேரம் வரவேண்டும்?

முனியசாமி கமுதிப் பக்கத்துக்காரன். ஊரில் கார்க் பந்து டோர்னமென்ட்டுகளில் விக்கெட் கீப்பர். அல் ஐனுக்கு வந்தது ஸ்டேடியத்தைக் கூட்டிப் பெருக்க. ஒரு நாள் பயிற்சியில் தப்பி வந்த பந்து ஒன்று கோச்சின் பிடரியைப் பார்த்துப் பறந்தது. இவன் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு எட்டிப் பாய்ந்து வெறுங்கையால் அதைப் பிடித்துவிட்டான். கை வீங்கி, ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை. அதற்குப் பிறகு வாளியை யாரும் அவனிடம் கொடுக்கவில்லை, பெரிய தோல் கிளவுஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். புல்பென் கேட்சர் என்று வேலைக்குப் பெயர்.

புல்பென் என்பது மைதானத்தின் கடைக்கோடியில், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பி அடைப்பு. பந்து எறிகிற பிட்சர்கள் ஆட்டத்தில் இறங்குமுன் அங்கே எறிந்து கையைச் சூடு பண்ணிக்கொள்வார்கள். எதிரே குத்தவைத்து உட்கார்ந்து பிடிப்பது முனியசாமியின் வேலை. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துச் சுவரிலுள்ள போன் அடிக்கும். பிட்சர் கதவைத் திறந்துகொண்டு கூட்டத்தின் இரைச்சலுக்குள் ஓடுவான். முனியசாமி பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டுத் தனியாக நிற்பான். சீஸன் முழுக்க இதே கதை. நடக்க வேண்டியதெல்லாம் அவனுக்கு ஒரு வேலி தள்ளித்தான் நடந்தது.

வந்த புதிதில் மானம் போன கதை ஒன்று உண்டு. பயிற்சி ஆட்டத்தில் ஆள் இல்லையென்று அவனை நிஜக் கேட்சராக உட்கார வைத்தார்கள். முதல் பந்தே மட்டையின் விளிம்பில் உரசிக்கொண்டு வந்தது. லபக்கென்று பிடித்தவன், துள்ளி எழுந்து இரண்டு கையையும் தூக்கி அம்பயரைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினான். கிரிக்கெட்டில் அது அவுட். இங்கே அதற்கு அப்படியெல்லாம் மரியாதை கிடையாது. அமெரிக்கர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

“விடுங்க தம்பி. நானும் மொத நாள் இதத்தான் செஞ்சேன்.”

தமிழ். முனியசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்தான் முகம்மது ரிபாய். கண்டிப் பக்கத்துக்காரர், இலங்கையில் பள்ளிக்கூட நாளிலேயே இந்த ஆட்டத்தைப் பழகியவர். ஒரு காலத்தில் அவர் பந்துக்குப் பெரிய பெயர் இருந்ததாம். இப்போது நாற்பதை நெருங்கிவிட்டார், எறிகிற கையின் முழங்கை போய்விட்டது. இதுதான் கடைசி சீஸன் என்று அவருக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் தெரியும். ஆட்டத்துக்கு ஆட்டம் அடைப்புக்குள் கையைச் சூடு பண்ணுவார், போன் அடிக்கும், கூப்பிடுவது வேறு யாரையாவதுதான். இலங்கையில் அவர் மனைவி ஹஃபீஸா யூடியூபைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்காவது ஆளைக் காட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

அந்த அணியில் தமிழ் பேசுகிற வாய் இரண்டுதான். மற்றவர்களோடு முனியசாமிக்கு குட், நோ குட், அரபியில் யல்லா, கலாஸ் என்பதற்கு மேல் பேச்சு ஓடாது. பயிற்சி முடிந்ததும் அடைப்புக்குள்ளிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ரிபாய் பாய் பிளாஸ்கைத் திறப்பார். இருவரும் பால் விடாத கட்டஞ்சாயா குடிப்பார்கள். பாயின் ஊர்ப் பேச்சில் ‘சொல்’ என்பது ‘செல்’ ஆகிவிடும்.

“உண்மையச் செல்லுங்க தம்பி. இண்டைக்குப் பந்து எப்படி?”

“செத்து வருது பாய். முன்ன மாதிரி கையில வந்து அடிக்கல.”

“ம். எனக்கும் வெளங்குது. இங்க எனக்குப் பொய் செல்லாத ஆள் நீங்க மட்டுந்தான்.”

அப்படிப்பட்ட மனிதரிடம்கூட முனியசாமி தன் வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப்போகிறது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்ததைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு வருஷம் தேறுமா என்பது சந்தேகம். அவன் லீவுக்குப் போவான், அவள் உடம்புக் கணக்கு ஒத்துவராது, திரும்பி வந்துவிடுவான். விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று கேட்டுக் கேட்டே அவளைக் குத்திக் குதறினார்கள் சனங்கள். புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது விசேஷம் என்ன தபாலிலா வரும்? கேட்கிற வாய்க்கு அது தெரிய வேண்டாமா?

கடைசியில் நாகவள்ளியே துணிந்து மதுரைக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டரம்மா கறாரானவர். வயசு ஏறிக்கொண்டே போகிறது, இந்தத் தடவை விட்டால் நான் நம்பிக்கை சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். நாகவள்ளி அங்கேயே தன் அக்கா வீட்டில் தங்கித் தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஊசி முடிகிற வாரம் புருஷன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். சீஸனின் கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை விமானம். எல்லாம் பொருந்தி வந்தது, ஓரிக்ஸ் தோற்றால்.

ஜெயித்தால் இறுதிச் சுற்று முடியும் வரைக்கும் ஒருவருக்கும் லீவு கிடையாது. ஆள் சப்ளை கம்பெனியின் சூப்பர்வைசர் சேதுமாதவன் அதை முன்பே சொல்லிவிட்டார். பாலக்காட்டுக்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் எதற்கும் ஒரு காரணம் கேட்பார். முனியசாமி அவருடைய அறை வாசலில் போய் நின்றான்.

“வீட்டுல ஒரு விசேஷம் சார். ஜெயிச்சாலும் என்னை விட்டுரணும்.”

“என்ன விசேஷம்? கல்யாணமா?”

“இல்ல சார்.”

“யாராவது மரிச்சுப் போயாச்சா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல சார்.”

“பின்னே என்ன? சொல்லு.”

முனியசாமி கதவின் கைப்பிடியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.  பெண்டாட்டிக்கு வைத்தியம், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சேதுமாதவனும் பிள்ளை குட்டிக்காரர்தான், எப்படியாவது ஆள் மாற்றிவிட்டிருப்பார். ஆனால் சொன்னால், குறை யாரிடம் என்று அடுத்த கேள்வி வரும். தங்கியிருக்கும் கேம்ப் முழுக்க அது பரவும். அறையில் படுத்திருக்கிறவன் ஒவ்வொருத்தனும் ஒரு மாதிரியாகப் பார்ப்பான். ஆம்பளை வீறாப்பு என்று ஒரு எழவு இருக்கிறதே, அது அவனை விடவில்லை.

“சும்மா... குடும்ப விசேஷம் சார்.”

“அப்போ அதைத் தள்ளி வைக்கலாம்” என்றார் சேதுமாதவன். வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைசி ஆட்டம் வந்தது. எதிரணி அஜ்மான் பேர்ல்ஸ். இரண்டு அணியும் சமமாக நின்றன, அன்றைக்கு ஜெயிக்கிறவர்களுக்கு டிவிஷன். ஞாயிறு மதியம், குளிர்காலத்து வெயில், ஜெபல் ஹஃபீத் மலை தூரத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. பாதிப்பேர் மலையாளிகள், தமிழர்கள், பாகிஸ்தானிகள். பந்து பின்பக்கமாக உயரப் பறந்தாலே சிக்ஸர் என்று எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அது ஒன்றுக்கும் உதவாத பந்து என்று யார் சொல்வது?

முனியசாமி அடைப்புக்குள் நின்றபடி வேலியின் இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஓரிக்ஸ் ஒரு ஓட்டம் எடுத்தபோது திட்டினான். பேர்ல்ஸ் இரண்டு எடுத்தபோது கழுத்தில் கிடந்த கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஓரிக்ஸ் மறுபடி இரண்டு எடுத்து முந்தியபோது, கூடவே இருந்து சோறு தின்ற கூட்டத்தைச் சபிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அதற்காகச் சபிப்பதை அவன் நிறுத்தவில்லை.

ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ். ஓரிக்ஸ் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். பேர்ல்ஸ் மட்டை பிடிக்கிறார்கள். மூன்று பேர் அவுட்டானால் கதை முடிந்தது. ஒருத்தன் அவுட். ஆனால் எறிந்துகொண்டிருந்த முரட்டு அமெரிக்கனுக்குப் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. தப்பிய எறிகளுக்குக் கிடைத்த இலவச நடையில், ஓட்டம் எடுக்கக் கடக்க வேண்டிய மூன்று தளத்திலும் பேர்ல்ஸ் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் ஓரிக்ஸ் காலி.

அடைப்புக்குள் இரண்டு பேர் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் டெக்ஸாஸ்காரன், காளை மாதிரி இளவட்டம். அவன் பந்து அன்றைக்குக் கிளவுஸைத் தாண்டி உள்ளங்கையைச் சுட்டது. மற்றவர் ரிபாய் பாய். அவர் பந்தில் ஒன்றுமே இல்லை. எறிந்து முடித்ததும் முழங்கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

“எப்படி தம்பி?”

முனியசாமி பந்தைத் திருப்பி எறிந்தான். “பரவால்ல பாய்.”

போன் அடித்தது. புல்பென் கோச் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு முனியசாமியைத் திரும்பிப் பார்த்தார். அது அவர்கள் வழக்கம். எவன் கையில் இன்றைக்குச் சரக்கு இருக்கிறது என்பது எதிரே உட்கார்ந்து பிடித்தவனுக்குத்தான் தெரியும். கேட்சர் கிளவுஸால் யாரைக் காட்டுகிறானோ அவன் போவான். சீஸன் முழுக்க முனியசாமி காட்டியது தப்பியதில்லை, கோச்சும் மறுபேச்சுப் பேசியதில்லை.

 ஆஸ்பத்திரி வராந்தாவில் நாகவள்ளி வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது. டெக்ஸாஸ்காரனைக் காட்டினால் ஆட்டம் முடிந்தது, பிள்ளையும் முடிந்தது. ரிபாய் பாயைக் காட்டினால் கடைசி சீஸனில், இத்தனை கூட்டத்துக்கு முன்னால், ஹஃபீஸா பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதரை அடித்துத் துவைத்துக் காயப் போடுவார்கள். தன்னை நம்புகிற ஒரே ஆளைத் தெரிந்தே குழியில் தள்ளுகிறோம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

கிளவுஸைத் தூக்கினான். ரிபாய் பாயைக் காட்டினான்.

கோச்சின் புருவம் ஏறி இறங்கியது. பிறகு போனில் ரிபாயின் பெயரைச் சொன்னார். ரிபாய் பாய் ஒரு கணம் நம்பாமல் நின்றார். தொப்பியைச் சரிசெய்து, பிஸ்மி சொல்லி, கதவைத் திறந்துகொண்டு ஓடினார். முனியசாமிக்கு அவர் முதுகைப் பார்க்க முடியவில்லை. போய் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

ஆட்டம் என்பது யார் சொல்லைக் கேட்கிறது? அதுவரை இடி மாதிரி வந்த பந்தையே பார்த்துப் பழகியிருந்தான் பேர்ல்ஸ் ஆட்டக்காரன். ரிபாய் பாயின் செத்த பந்து ஆடி அசைந்து வந்து சேருவதற்குள் அவன் மட்டையைச் சுழற்றிவிட்டான். மட்டையின் நுனியில் பட்ட பந்து தரையோடு தரையாக உருண்டு ஓரிக்ஸ் ஆளின் கைக்கே போனது. அவன் இரண்டாம் தளத்துக்கு எறிய, அங்கிருந்து முதல் தளத்துக்கு எறிய, இரண்டு இடத்திலும் ஓடி வந்தவனுக்கு முன்னால் பந்து போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். எறிந்தது ஒரே ஒரு பந்து. டிவிஷன் ஓரிக்ஸுக்கு.

ஸ்டேடியமே அதிர்ந்தது. ரிபாய் பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சாராயத்துக்குப் பதிலாகத் திராட்சை சோடாவைக் குலுக்கி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சி அடித்தார்கள். முனியசாமி அடைப்புக்குள் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். செய்த பாவத்துக்குப் பலனும் இல்லை, நஷ்டமும் தீரவில்லை. இப்படி ஒரு வயிற்றெரிச்சல் எவனுக்காவது வாய்க்குமா? பந்து கைக்குள் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் ரிபாய் பாய் மைதானத்தைக் குறுக்கே கடந்து அடைப்புக்கு வந்தார். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கோடியில் கத்திக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் சோடா, கண்ணெல்லாம் தண்ணீர். முனியசாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, நொந்த கையை அவன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

“கோச் செல்லினாரு தம்பி. அவனை வேணாம், ரிபாயத்தான் அனுப்பணுமெண்டு நீங்கதான் காட்டினீங்களாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கே என்ட பந்துல நம்பிக்கை இல்ல. நீங்க எப்படி நம்பினீங்க?”

 அந்த நேரம் பார்த்து முனியசாமியின் போன் அடித்தது. நாகவள்ளி.

“எடுங்க, எடுங்க. வூட்டுல பாத்திருப்பாங்க” என்றார் ரிபாய் பாய். தோளிலிருந்த கையை எடுக்கவில்லை.

“ஜெயிச்சிட்டீகளாக்கும்” என்றாள் நாகவள்ளி.

“ஆமா வள்ளி.”

“யூடியூப்ல பாத்தேன். கம்பிக்குள்ள நின்னு அவரைக் கை காட்டுனீகள்ல, அதைத் திருப்பித் திருப்பிப் போடுறான். கமெண்டரி சொல்ற இங்கிலீசுக்காரன் உங்க பேரைச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறான்.” அவள் அழவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. “எதுக்குங்க காட்டுனீக? தோத்தா வந்துருவேன்னு நீங்கதான சொன்னீக?”

பதில் ஒரே வரிதான். தோற்கட்டும் என்றுதான் காட்டினேன், கை போனவர் என்று தெரிந்துதான் காட்டினேன். அதைச் சொல்லிவிட்டால் அவள் மனசு ஆறும். ஆனால் இந்தப் பெரிய ஸ்டேடியத்தில் அந்த வரியைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதர் அவன் தோளில் கை போட்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கேட்கிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு அப்புறம் சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? அதுவும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

“பாய் இன்னைக்கு நல்லா போட்டாரு வள்ளி” என்றான்.



“இங்க தாங்க, தங்கச்சிக்கிட்ட நானும் ஒரு வார்த்தை செல்றேன்.” ரிபாய் பாய் போனை வாங்கிக்கொண்டார். “தங்கச்சி, நான் ரிபாய் பேசுறேன். ஒங்கட வூட்டுக்காரர் எனக்குச் செஞ்சத எங்கட கூடப்பொறந்த ஆக்களும் செய்ய மாட்டாங்க. பொய் செல்லத் தெரியாத மனிசன், தங்கச்சி. அல்லா ஒங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான்.”

“சரிண்ணே” என்ற குரல் சன்னமாகக் கேட்டது. “நீங்க நல்லா இருங்க.”

முனியசாமி போனைத் திரும்ப வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“அப்ப நர்ஸ் அக்காட்ட சொல்லிர்றேன்” என்றாள் நாகவள்ளி. “நாளைக்கு ஊசி வேணாம்னு.”

வைத்துவிட்டாள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“வூட்டுல என்ன செல்றாங்க?” என்று கேட்டார் ரிபாய் பாய்.

“ரொம்ப சந்தோசப்படுறா பாய்” என்றான் முனியசாமி.